இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்

என் கணவரின் அண்ணன் சந்தனசாமிக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்களில் மட்டும் சந்தேகமே கிடையாது. ஒன்று மாதா. இன்னொன்று மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனிக்காரர்கள். ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது எந்த நட்டு எங்கே இருந்ததோ அது அங்கேதான் இருக்க வேண்டும், அதை அரை இஞ்ச் நகர்த்துகிறவன் திமிர் பிடித்தவன் என்பது அவர் கட்சி. காரைக்கால் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டர். கரண்ட் போய்விட்டது என்று யாராவது கூப்பிட்டால் வருவார். வந்தவர் வாசலில் நிற்கிற பைக்கைப் பார்த்துவிட்டு, "இந்த மிரர் இந்த வண்டியோடது இல்லியே" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். தங்கமான மனுஷர். வண்டிப் பேச்சு வந்தால் மட்டும் எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

என் கணவர் ஜாக்சன் அதற்கு நேர் எதிர். வரிச்சிக்குடியில் கிரில் பட்டறை வைத்திருந்தார். வெல்டிங் மெஷினைக் கையில் வைத்திருக்கிறவருக்குக் கடையில் விற்கிற எதுவுமே முழுசாகத் தோன்றாது போலிருக்கிறது. புதுக் கட்டில் வந்தால் காலை வெட்டிக் குட்டையாக்குவார். சமையல் மேடைக்குக் கீழே யாரும் கேட்காமலே ஒரு கம்பியை ஓட்டிவைத்தார். எதுக்கு இது, புடவை காயப்போடவா என்று கேட்டதற்கு, சும்மா கெடக்கட்டும் என்றார். நின்று சமைக்கும்போது அதில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆர்எக்ஸ் 100 பைக். மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. மயில்கழுத்து நீலம். பல வருஷம் ஓட்டியும் கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியாமல் வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்தன்று கோயில் வாசலில், எல்லார் முன்னாலும், அதன் சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்ரோல் டேப்பை மூட மறந்துடாதே என்றார். அவர் மனைவி அமலராணி அக்கா என் காதில் சொன்னாள்: "என்னயக் கட்டிக் குடுத்தப்ப எங்கப்பாகூட இப்படி அழுவல."

அந்த வண்டியை ஜாக்சன் ஒரு மாதம்கூட விட்டுவைக்கவில்லை. முதலில் பின்னால் உட்காருகிறவர் இடது கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் கோணிக்கொண்டது. எங்கே விழுந்தீங்க என்று கேட்டேன். பட்டறை வாசலில் சாய்ந்துவிட்டது, வளைந்துவிட்டது என்றார். ஊர் கேட்டையெல்லாம் நிமிர்த்துகிறவருக்கு வீட்டு ஃபுட்ரெஸ்ட்டை நிமிர்த்தத் துப்பில்லை என்று நான் கிண்டல் செய்யாத நாளில்லை. அவரும் சிரித்துக்கொள்வார்.

என் கால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழாவது படிக்கும்போது மினிபஸ் படியிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு உடைந்தது. சேர்ந்ததென்னவோ சேர்ந்தது, இரண்டு விரக்கடை குறைச்சலாகச் சேர்ந்தது. டாக்டர் அடியை உயர்த்தி ஒரு செருப்புச் செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போனேன். மறுநாள் அரசலாற்றில் வீசிவிட்டேன். அதற்குப் பிறகு என் காலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. வேகமாக நடந்தால் தெரியாது என்று நானே கண்டுபிடித்து, அன்றிலிருந்து வேகமாகவே நடந்துகொண்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது அப்பா ஜாக்சனிடம் சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் காபி ஆறுதேன்னு சொல்லி முடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஜாக்சனுக்குத் தெரியாமல் எங்கே போகும்? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது.

நான் வேலை பார்த்தது காரைக்கால் டவுனில் ஒரு மருந்துக்கடையில். நாள் முழுக்க நிற்கிற வேலை. காலையில் கொண்டுவிட்டு, சாயங்காலம் அழைத்து வருவார். கல்யாணமான புதிதில் வீட்டு வாசலில் இறங்கியதும் தினமும் ஒரு கேள்வி கேட்பார். இடுப்பு வலிக்குதா? நான் எரிந்து விழுவேன். நின்னா வலிக்காம என்ன பண்ணும் என்பேன். ஒரு நாள் மட்டும், ஏதோ நல்ல மனநிலையில், இன்னைக்குப் பரவாயில்ல என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. கல்யாணமாகி ஆறு மாசத்துல அக்கறையெல்லாம் காத்தோட போச்சு என்று அமலராணி அக்காவிடம் புலம்பியிருக்கிறேன்.

அந்த வருஷ ஈஸ்டருக்கு மாமாவும் அக்காவும் விருந்துக்கு வந்தார்கள். மாமா வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் வண்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஃபுட்ரெஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த வளைசல் இல்லை, யாரோ அறுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதை ஏண்டா அறுத்த?" என்றார். நான் கறிச்சட்டியோடு வாசற்படியில் நிற்கிறேன்.

ஜாக்சன் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, "எனக்கு இப்படித்தான்ணே புடிக்கும்" என்றார்.

வண்டி செய்தவனெல்லாம் முட்டாளா, நீ ஒருத்தன்தான் அறிவாளியா என்று மாமா கத்தினார். ஒரு ஃபுட்ரெஸ்ட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அதில் கைவைக்க நீ யார் என்றார். ஜாக்சன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமா சாப்பிடாமல் போய்விட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒரு இரும்புத் துண்டுக்காக ஈஸ்டர் பிரியாணி பாழாய்ப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் ஜாக்சனுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. சைலன்சரை மாற்றினார். மட்கார்டை வெட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்தால் மாட்டின் கொம்பைப் பிடித்த மாதிரி இருக்கும். டேங்கில் ஆரஞ்சு பெயிண்ட். வரிச்சிக்குடிப் பையன்கள் ஆல்ட்டர் பண்ணுன வண்டி என்று சுற்றி நின்று பார்ப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. மாமா நல்லது கெட்டதுக்கு வருவார், சாப்பிடுவார், என்னிடம் பேசுவார். வண்டி நிற்கிற பக்கமும் தம்பி நிற்கிற பக்கமும் திரும்ப மாட்டார். அப்படியே வருஷங்கள் போயின. போன வருஷம் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த ஜாக்சன், மூளைக்காய்ச்சல் ஆகி, மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நினைவில்லாமல் கிடந்தார். மாமா அவர் காதருகே குனிந்து என்னென்னவோ பேசினார். கேட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும். மறுநாள் விடியலில் ஜாக்சன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து மாமா வந்தார். தார்ப்பாய்க்குள் நின்றிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். கோயிலில் வைக்கிற வருஷ நினைவுப் பூசைக்குள்ளே, தான் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தந்துவிடுவதாகச் சொன்னார். தம்பியிடம் பேசாமல் விட்டதையெல்லாம் வண்டியிடம் பேசித் தீர்க்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துட்டுப் போங்க மாமா என்றேன்.

அதன் பிறகு மனுஷர் கும்பகோணம் போனார், திருச்சி போனார், சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். கூடவே சிதம்பரநாதன் என்று ஒரு கூட்டாளி. பெட்ரோல் பங்க் மேனேஜர். மாமாவைவிட ஒரு படி மேலான பைத்தியம். கம்பெனி முத்திரை இல்லாத ரப்பரைக் கையால் தொடக்கூட மாட்டார் என்று அமலராணி அக்கா சொல்வாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்தார்கள்.

வருஷ பூசை சாயங்காலம். மூன்று மணி வாக்கில் மாமா வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலேயே அக்கா ஸ்கூட்டியில். மயில்கழுத்து நீலம் வெயிலில் பளபளத்தது. சத்தம் அவ்வளவு அடக்கம். ஹேண்டில் நேராக, மட்கார்டு முழுசாக, ஸ்டிக்கர் உட்பட எல்லாம் இருந்தது. ஜாக்சன் என்று ஒருவர் இந்த வண்டியைத் தொட்டதற்கு ஒரு அடையாளம்கூட இல்லை. ஆனால் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நல்லாருக்கு மாமா என்றேன். வேறென்ன சொல்வது.

நீ இதுல ஏறு, நான் ஸ்கூட்டில முன்னாடி போயி பூ வாங்கி வைக்கிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டாள். நான் எப்போதும்போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பட்டறையைத் தாண்டவில்லை, ஏதோ சரியில்லை. இடது கால் தேடுகிறது. ஃபுட்ரெஸ்ட் இருக்கிறது, நுனி விரல் படுகிறது, பாதம் பதியவில்லை. எட்டி வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் தொங்குகிறது. வயல்வெளி ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் இடுப்பில் ஊசி குத்த ஆரம்பித்துவிட்டது. என்னம்மா, நெளியிறியே என்று மாமா கேட்டார். வண்டியை நிறுத்துங்க என்றேன்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். புது ஃபுட்ரெஸ்ட். நேராக, அழகாக, வலது பக்கத்தில் இருப்பதன் அச்சு அசலாக இருந்தது. இத்தனை வருஷம் இதே வண்டியில், இதே ரோட்டில், தினம் இரண்டு நடை போய் வந்திருக்கிறேன். முதல் சில மாதம் போக, ஒரு நாளும் கால் தேடியதில்லை. இடுப்பு வலிக்குதா என்று அவர் கேட்டதும், பரவாயில்லை என்று நான் சொன்ன பிறகு கேட்பதை நிறுத்தியதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. எனக்கு அப்படியே ரோட்டோரத்தில் உட்கார வேண்டும்போல் ஆகிவிட்டது. உட்கார்ந்தும்விட்டேன்.

"மாமா, பழைய ஃபுட்ரெஸ்ட் எங்க?"

அவர் பதறிவிட்டார். கழற்றியதையெல்லாம் மூட்டையாகக் கட்டி பைபாஸ் ஓரம் கமாலுதீன் காயலான் கடையில் போட்டாயிற்று என்றார். அந்தக் கோணலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போறே, ஞாபகத்துக்கு வேணும்னா வேற எதாவது தரேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் முப்பது வருஷமாக வராத வார்த்தை வந்தது.

"என் இடது கால் ரெண்டு விரக்கடை குட்டை மாமா."

மாமா என் காலைப் பார்க்கவில்லை. ஃபுட்ரெஸ்ட்டைப் பார்த்தார். அப்புறம் வண்டியை உதைத்து பைபாஸ் பக்கம் திருப்பினார்.

கமாலுதீன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஹேண்டில்பாரும் சைலன்சரும் வந்த அன்றைக்கே பையன்கள் வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் அந்தக் குவியலில்தான் கிடக்கும், கோணல்மாணலை எவன் வாங்கப்போகிறான் என்றார். மாமா வெள்ளைச் சட்டையோடு குவியலில் இறங்கினார். நானும் இறங்கினேன். கை கிழிச்சிரும் தங்கச்சி, நீங்க தள்ளுங்க என்று கமாலுதீனும் வந்துவிட்டார். சைக்கிள் ரிம், ஃபேன் இறக்கை, உடைந்த கிரில் எல்லாவற்றையும் புரட்டினோம். அக்காவிடமிருந்து போன் இரண்டு முறை வந்து நின்றது. கடைசியில் ஒரு ரேடியேட்டருக்கு அடியிலிருந்து மாமாதான் எடுத்தார்.

எடுத்தவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். துருவைக் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்க பாரு, இது மொதல்ல வெட்டுன எடம்" என்றார். "ஒரு விரக்கடை ஏத்தி ஒட்டிருக்கான். பத்தல போல. திரும்ப அறுத்திருக்கான். இன்னும் கொஞ்சம் ஏத்திருக்கான். இது மூணாவது. இதுல உயரம் இல்ல, குதிகால் வழுக்காம இருக்க உள்பக்கமா சாச்சிருக்கான். அரத்தால ராவி, வழவழன்னு ஆக்கி, ஒரு சொரசொரப்பு இல்லாம..."

அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் வலிக்குது என்று நான் கத்தியிருப்பேன். மறுநாள் பட்டறையில் அதை அறுத்திருப்பார். அடுத்த சாயங்காலம் மறுபடியும் கேட்டிருப்பார். நான் மறுபடியும் கத்தியிருப்பேன். அளவெடுக்கிறேன் என்று என்னிடம் சொல்லாமலே அளவெடுத்திருக்கிறார். சமையல் மேடைக் கம்பி நினைவுக்கு வந்தது. கட்டிலின் கால் நினைவுக்கு வந்தது. வீட்டில் இன்னும் என்னென்ன அறுத்து ஒட்டி வைத்திருக்கிறாரோ பாவி மனுஷன் என்று நினைத்தேன். அந்தக் காயலான் கடையில் நின்று, வாய்விட்டு அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றார் மாமா.

"நீங்க என் முன்னாடி கேட்டீங்க மாமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஈஸ்டர் அன்றைக்கு நான் கறிச்சட்டியோடு நின்றது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த மனுஷன் அண்ணன் வாயிலிருந்து அத்தனையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்கப்புறம் அண்ணனே இல்லாமலும் இருந்திருக்கிறார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அந்த இரும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனிக்காரனுக்கு உன்னயத் தெரியாதும்மா" என்றார். "இவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

சீட்டுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பையை எடுத்தார். அதுவும் கம்பெனிப் பைதான், அதைத் தேடியே ஒரு மாதம் அலைந்தாராம். புது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி கமாலுதீன் கையில் கொடுத்தார். பழையதை மாட்டி முடுக்கினார். ஏறிப் பாரும்மா என்றார். ஏறினேன். கால் தேடவில்லை. வீட்டுக்கு வந்த மாதிரி போய் உட்கார்ந்தது. குதிகால் அந்தச் சாய்வில் அப்படியே பதிந்தது. சரியா இருக்கா என்று அவர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். இடுப்பு வலிக்குதா என்று கேட்க ஆளில்லாத வருத்தம் எப்போதும் இருக்கிறதுதான். ஆனால் பதில் சொல்லிவிட்ட மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது.

கோயிலுக்குப் போனபோது முதல் மணி அடித்துவிட்டது. அக்கா பூவோடு வாசலில் நின்று, துரு படிந்த எங்கள் கைகளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். சிதம்பரநாதன் பூசைக்கு என்று வந்தவர், முடிந்த வண்டியை முதல் முதலாகப் பார்க்கிற ஆசையில் அதைச் சுற்றி வர ஆரம்பித்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். ஸ்டிக்கரைத் தடவினார். இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சந்தனம், எல்லாம் கம்பெனி மாதிரியே வச்சிட்டு இது ஒண்ண விட்டுட்டீங்களே" என்றார். "நான்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன்ல?"

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்று வாசலில் ஜாக்சன் பார்த்த அதே பார்வை. அப்புறம் சிதம்பரநாதன் பக்கம் திரும்பி, "எனக்கு இப்படித்தான் புடிக்கும்" என்றார்.

சிதம்பரநாதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இந்தப் பொய்யை என் வீட்டில் ஒருத்தர் சொன்னதே போதும் என்று எனக்குப் பட்டது.

"அவருக்குப் புடிக்கிறதுல ஒண்ணுமில்லண்ணே. எனக்கு எடது கால் குட்டை. என் வீட்டுக்காரர் எனக்குன்னு அளவு பாத்துச் செஞ்சது" என்றேன். வாசலில் நின்றவர்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

சிதம்பரநாதன் குனிந்து, அந்த ஒட்டுக்களை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது எவ்வளவு அபூர்வம் என்று மாமாவுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது மணி அடித்தது. அக்கா முன்னால் போனாள். வாசலிலிருந்து பீடம் வரை நீளமான நடை. நான் அன்றைக்கு வேகமாக நடக்கவில்லை. என் கால் எப்படி நடக்குமோ அப்படியே மெதுவாக நடந்தேன், மாமாவும் பக்கத்திலேயே வந்தார்.